முக்கால் சுற்றில் நின்றுபோகும் தாவல்

கேள்வி: எனக்கு வயது 19. ஷோட்டோகான் கராத்தேயில் பிளாக் பெல்ட். உன்சு என்ற கட்டாவின் (குறித்த வரிசையில் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) கடைசிப் பகுதியில் வரும் முழுச் சுற்றுத் தாவல் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. முக்கால் சுற்றுக்குள் தரை வந்துவிடுகிறது. "இன்னும் உயரமாகத் தாவு" என்கிறார் மாஸ்டர். தினமும் வகுப்பு முடிந்த பிறகு 40 தடவையாவது தாவுகிறேன். இப்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கவும் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த நாற்பதை நிறுத்துங்கள். அளவுக்கு மீறித் தாவுபவர்களுக்குச் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணில் வலி வருவது வழக்கம். வலியோடு தாவிக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் வலியும் அதுதானா என்பதை எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். வலிப்பது மாஸ்டருக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் நீங்கள் சொன்னதாகத் தெரியவில்லை. இன்றே சொல்லிவிடுங்கள்.

மாஸ்டர் சொன்னது தவறில்லை. ஆனால் உங்கள் குறை உயரத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். அந்தரத்தில் யாராலும் புதிதாகச் சுழற்சியை உண்டாக்க முடியாது. பாதம் தரையை விடும் கணத்தில் எவ்வளவு சுழற்சி உடலில் ஏறியிருக்கிறதோ அவ்வளவுதான் கையிருப்பு. மேலே போன பிறகு கைகளை உடலோடு ஒட்டி அதை வேகப்படுத்தலாம், கூட்ட முடியாது. முக்கால் சுற்றில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நேராக மேலே எழும்பிவிட்டு, அதற்குப் பிறகு திரும்பப் பார்க்கிறார்கள், அதற்கும் பிறகு உதைக்கிறார்கள். மிகாசுகி கெரிக்கான (பிறை வடிவில் வீசும் உதை) கால், ஊன்றிய கால் தரையில் இருக்கும்போதே வீசி எழ வேண்டும். அந்த வீச்சுதான் உயரத்தையும் தருகிறது, சுற்றையும் தருகிறது.

நண்பர் ஒருவரிடம் மொபைலைக் கொடுத்து, ஸ்லோ மோஷனில் ஒரே ஒரு தாவலை எடுக்கச் சொல்லுங்கள் (வலி போன பிறகுதான்). ஊன்றிய காலின் பெருவிரல் தரையை விடும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். தோள்கள் ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருக்கின்றனவா? தலை? உதைக்கும் கால் இடுப்பை நெருங்கிவிட்டதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் இன்னும் ஓர் அடி உயரம் தாவினாலும் பயன் சொற்பம்.

முழங்கால் மறுபடி தாவ அனுமதிக்கும் வரை, இறங்குவதை மட்டும் பழகுங்கள். உன்சுவில் உஷிரோ கெரியோடு (பின்னோக்கிய உதை) இரு கைகளும் தரையில் ஊன்றி இறங்குகிறோம் அல்லவா? மேட் விரித்து, நின்ற இடத்திலிருந்து மெதுவாக அந்த நிலைக்குப் போங்கள். முழங்கைகள் சற்று மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீட்டினால் அடி முழுவதும் மணிக்கட்டில் விழும். 'தொப்' என்று சத்தம் கேட்டால் அந்த முறை கணக்கில் இல்லை. கீழே விழுவோமோ என்ற பயம் போனாலே பாதிச் சுற்று தானாக வந்துவிடும்; இறங்குவதற்கு அஞ்சும் உடல் அந்தரத்திலேயே விரிந்துகொள்கிறது, சுழற்சி அங்கேயே செத்துவிடுகிறது.

மருத்துவர் சம்மதித்த பிறகு, உடனே உன்சுவுக்கு ஓடாதீர்கள். ஹெய்யான் கோடான் கட்டாவில் தாவி கோசா தாச்சியில் (கால்களைக் குறுக்கே வைத்துத் தாழ்ந்து நிற்கும் நிலை) இறங்குவது உங்களுக்கு உண்மையிலேயே வருகிறதா என்று பாருங்கள். பலரும் நிமிர்ந்து இறங்கிவிட்டு, பிறகு அவசரமாகத் தாழ்கிறார்கள். அடுத்தது என்பி கட்டா. அதிலும் முழுச் சுற்று உண்டு, நடுவில் உதை கிடையாது. கொகுட்சு தாச்சியில் (எடையைப் பின்காலில் தாங்கும் நிலை) இறங்கி ஆடாமல் நிற்க முடிந்தால், சுற்று கைவந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உதையைச் சேருங்கள்.

எண்ணிக்கை? வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டு அல்லது பத்துத் தாவல்கள் போதும். வகுப்பு முடிந்து களைத்த கால்களோடு வேண்டாம்; உடல் சூடானதும், மற்ற பயிற்சிகளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். இடையில் முழுக் கட்டாவையும் செய்ய நேர்ந்தால், தாவலுக்குப் பதில் நின்றபடியே திரும்பி இறங்க அனுமதிக்குமாறு மாஸ்டரிடம் கேளுங்கள்.