குகைக்குள் மண் எங்கிருந்து வந்தது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குகை என்றால் சுற்றிலும் பாறைதான். அதற்குள் இத்தனை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள் என்று படிக்கிறோமே, அவ்வளவு மண் எப்படி உள்ளே போகும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: எல்லா வழியிலும் போகும். கூரையிலிருந்து கல் உதிரும், காற்று மணலைக் கொண்டுவந்து போடும், மழைத்தண்ணீர் வெடிப்புகள் வழியே களிமண்ணை இறக்கும், வௌவால்கள் எச்சமிடும், கழுதைப்புலி எலும்பை இழுத்துவரும். மனிதர்கள் குடிவந்த பிறகு சாம்பலும் கற்சில்லுகளும் சேரும். இஸ்ரேலின் கர்மேல் மலையில் தாபூன் என்றொரு குகை இருக்கிறது, 1929 முதல் 1934 வரை தொல்லியலாளர் டோரதி காரட் தோண்டிய இடம். படிவு மட்டுமே சுமார் 25 மீட்டர்! அடியில் இருப்பதெல்லாம் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து காற்றில் வந்த மணல். மேலே வர வர மணல் குறைந்து, உச்சியில் செம்மண்ணாகிவிடுகிறது. காரணம், ஒரு கட்டத்தில் கூரை திறந்துகொண்டது, மலைக்கு மேலே கிடந்த செம்மண் அந்த வழியாக இறங்கிவிட்டது. கூரை எப்போது திறந்தது என்பதை இன்று நமக்குச் சொல்வது அந்த மண்தான்.

கேள்வி: ஆழத்தில் கிடைப்பது பழையது, மேலே கிடைப்பது புதியது. சரிதானே?
- வாசகர், மதுரை

பதில்: மண் அசையாமல் இருந்தால் சரி. ஈராக்கின் ஷானிதார் குகையில் 1960இல் கிடைத்த நியாண்டர்தால் (அழிந்துபோன ஒரு பழைய மனித இனம்) எலும்புக்கூட்டைச் சுற்றியிருந்த மண்ணில் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருந்தது. இறந்தவருக்குப் பூ வைத்திருக்கிறார்கள் என்று உலகமே நெகிழ்ந்தது. ஆனால் அதே இடத்தில் எலி வளைகளும் இருந்தன. அங்குள்ள ஒரு வகை எலி பூக்களை வளைக்குள் இழுத்துச் சேமிக்கும், மண்ணில் கூடு கட்டும் தேனீக்களும் மகரந்தத்தை உள்ளே கொண்டுபோகும். அதனால் பூ வைத்த கதையை இன்று பலர் ஏற்பதில்லை. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும், ஆனால் வளையைப் பார்த்த பிறகு அதை நம்புவது கஷ்டம்.

கேள்வி: ஒரு குகையின் ஒரு பகுதியில் எலும்பே இல்லை என்றால், அங்கே யாரும் சமைக்கவில்லை, சாப்பிடவில்லை என்று முடிவு கட்டலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இவ்வளவு நல்ல கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அதே கர்மேல் மலையில் கெபாரா என்று இன்னொரு குகை. சுமார் 60,000 ஆண்டுப் பழமையான, மண்டையோடு இல்லாத நியாண்டர்தால் எலும்புக்கூடு 1983இல் கிடைத்தது அங்கேதான். அந்தக் குகையில் சில இடங்களில் விலங்கெலும்பு குவிந்து கிடந்தது, கொஞ்சம் தள்ளினால் கோடு போட்டது போலச் சட்டென்று நின்றுவிட்டது. ஒன்று, அங்கே எலும்பை யாரும் போடவில்லை. இல்லையென்றால், போட்டது கரைந்துவிட்டது. எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு எலும்பைத் தேடிப் பயனில்லை, மண்ணைத்தான் கேட்க வேண்டும். வௌவால் எச்சம் மக்கும்போது அமிலமும் பாஸ்பேட்டும் தண்ணீரோடு கீழே இறங்கும். முதலில் சாம்பலில் இருக்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் கரைந்து, அபடைட் என்ற பாஸ்பேட் கனிமமாக மாறும். எலும்பின் கனிமமும் அபடைட் வகைதான். அமிலம் இன்னும் ஏறினால் அந்த அபடைட்டும் கரைந்து, எளிதில் கரையாத வேறு பாஸ்பேட் கனிமங்கள் உருவாகும். ஆக, மண்ணில் கால்சைட் இன்னும் இருக்கிறது என்றால், அங்கே போட்ட எலும்பும் தங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் போடவே இல்லை என்று பொருள். அபடைட்டைத் தாண்டிப் போய்விட்ட மண்ணாக இருந்தால், எலும்பு இல்லாததை வைத்து எதுவுமே சொல்ல முடியாது.

ஸ்டீவ் வைனர், பால் கோல்ட்பர்க், ஒஃபர் பார்-யோசெஃப் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும், மண்ணில் என்ன கனிமம் இருக்கிறது என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியைக் குகைக்கே கொண்டுபோய், தோண்டத் தோண்ட மண்ணைச் சோதித்தார்கள். ஒரு சிட்டிகை மண் போதும். ஒரே குகையில் இரண்டு பதிலும் கிடைத்தது. ஒரு பகுதியில் எலும்பு கரைந்துபோயிருந்தது, இன்னொரு பகுதியில் எலும்புக் குவியல் மனிதர்கள் போட்டபடியே இருந்தது, குவியலைத் தாண்டி எலும்பு போடவே இல்லை. இந்தச் சோதனை இல்லாமல் ‘இங்கே சமைத்தார்கள், அங்கே தூங்கினார்கள்’ என்று குகைக்கு வரைபடம் போடுவதை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: கறுப்பாக இருக்கும் அடுக்கெல்லாம் நெருப்பு மூட்டிய தடம்தானா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை. சீனாவின் சௌகௌதியன் குகையில் பீக்கிங் மனிதன் என்ற ஆதிமனிதன் நெருப்பு மூட்டினான் என்று பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் இருந்தது. 1998இல் அந்த அடுக்குகளைச் சோதித்தபோது விறகுச் சாம்பலின் அடையாளம் கிடைக்கவில்லை. கறுத்த மண்ணில் பெரும்பங்கு தண்ணீர் கொண்டுவந்து படியவைத்ததாக இருந்தது. இதை மறுப்பவர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை.

சரி, சாம்பலை எப்படி உறுதி செய்வது? மண்ணைக் கிளறாமல் கட்டியாகவே வெட்டி எடுத்து, பிளாஸ்டரில் பொதிந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பிசின் ஊற்றி இறுகவைத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். அப்புறம் எந்தத் துகள் எதன் மேல் விழுந்தது, எது வெந்தது, எது தண்ணீரில் உருண்டு வந்தது என்று அப்படியே பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில், வாசலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, பத்து லட்சம் ஆண்டுப் பழைய மண்ணில் செடிச் சாம்பலும் வெந்த எலும்புத் துணுக்கும் இருந்த இடத்திலேயே இருப்பதை இப்படித்தான் பார்த்தார்கள். அந்த முடிவு 2012இல் வெளியானது.