ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: நான்கு வருடங்களாக ஓவிய அச்சுகள் சேகரிக்கிறேன். வாங்கும்வரை தூக்கம் வராது. வாங்கியதில் பாதி பெட்டியில்தான் கிடக்கிறது. இப்போது ஓவியர் கையெழுத்திட்டு 17/75 என்று எண்ணிட்ட லித்தோகிராஃப் (கல்லச்சு) ஒன்று ஏலத்துக்கு வருகிறது. இருக்கும் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கலாமா? விலை ஏறுமா?

பதில்: விலை கட்டாயம் ஏறும் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவரிடம் விற்க ஏதோ இருக்கிறது. அதை விடுங்கள், பொருளுக்கு வருவோம்.

17/75 என்றால் 75 பிரதிகளில் 17ஆவது. சிறிய எண் உசத்தி என்ற பேச்சை லித்தோகிராஃபில் நம்ப வேண்டாம். அச்சிட்ட வரிசையிலேயே எண் போடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. செப்புத் தகட்டை ஊசியால் கீறும் டிரைபாயின்ட்டில் கதை வேறு. கீறலோரம் எழும்பும் பிசிறுதான் கோட்டுக்கு அந்த மென்மையைத் தருகிறது. ஒவ்வோர் அச்சுக்கும் அது நசுங்கிக்கொண்டே போகும்; அதனால் அங்கே முதலில் எடுத்த பிரதிகள்தான் உசத்தி.

ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். 10 மடங்கு பூதக்கண்ணாடியோடு போங்கள். வண்ணப் புள்ளிகள் குட்டிப் பூக்கள் மாதிரி சீராகத் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். கையெழுத்திலும் அதே புள்ளிகள் என்றால், அந்தத் தாளில் ஓவியரின் கையே படவில்லை. ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மட்டமான அட்டை தாளில் பழுப்புக் கோடு போட்டிருக்கும். ஃபிரேமுக்குள் அடக்க ஓரத்தை வெட்டியிருப்பதும் உண்டு. இரண்டுமே மதிப்பைக் குறைக்கும்.

அப்புறம், யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்பதற்கான காகிதங்கள். ஹான் வான் மேகெரன் என்ற டச்சுக்காரர் தீட்டிய ஒரு படத்தை 1937இல், 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்று கொண்டாடினார்கள். ரோட்டர்டாம் அருங்காட்சியகம் ஒன்று அதை மாட்டி வைத்தது. 1945இல் வான் மேகெரனே, தீட்டியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, பெயர்தான் மாறியது.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். ஒருமுறை, எதிர்வரிசைக்காரர் விடாமல் விலையை ஏற்றினார் என்பதற்காகவே நானும் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அந்த அச்சு இன்றும் என் பரணில் இருக்கிறது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, வெயில் படாத சுவரில் ஏல நாள்வரை மாட்டி வையுங்கள். கடந்து போகும்போது ஒருமுறையாவது நின்று பார்க்கிறீர்களா? இல்லையென்றால் உங்களுக்குப் பிடித்திருப்பது படமல்ல, துரத்தல்.

நின்று பார்த்தால், சரி, போங்கள். ஆனால் சேமிப்பு முழுவதையும் போடாதீர்கள். ஏலத்தொகைக்கு மேல் 20 சதவீதத்தைத் தாண்டிக்கூட கமிஷன் கேட்பார்கள்; அதையும் சேர்த்து உச்ச விலையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.