தனியாக எல்லை தாண்டி வந்த பிள்ளைகள் உண்மையிலேயே தொலைந்து போனார்களா?

"அமெரிக்க எல்லையைத் தனியாகத் தாண்டி வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அரசாங்கமே தொலைத்துவிட்டது என்று செய்தி வருகிறதே, உறவினரிடம் ஒப்படைத்த பிறகு அவர்களுக்கு என்னதான் நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2021 முதல் 2024 வரை ஹூஸ்டனில் இந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களை ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கும் கேஸ் வொர்க்கராக வேலை பார்த்தேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோர் துணையில்லாமல் பிடிபடும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையின் கீழுள்ள அகதிகள் மறுகுடியமர்வு அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2022 நிதியாண்டில் மட்டும் சுமார் 1,28,900 பேர் அப்படி வந்தார்கள். பெரும்பாலும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வடோர் பிள்ளைகள். ஷெல்டரில் வைத்துக்கொண்டே ஸ்பான்சரை, அதாவது பிள்ளையைப் பொறுப்பேற்றுக்கொள்ளும் ஆளைத் தேடுவார்கள். முதலில் அப்பா அம்மா, இல்லையென்றால் அண்ணன், அக்கா, மாமா, அத்தை, அதற்கும் பிறகுதான் தூரத்துச் சொந்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒப்படைத்து முப்பது நாள் கழித்து ஒரு போன் வரும். யாரும் எடுக்கவில்லையென்றால் 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று பதிவாகும். செய்தியில் அதுவே 'காணவில்லை' ஆகிவிடுகிறது. பிரீபெய்டு நம்பர் மாறியிருக்கும், அல்லது வெயிலில் கூரை மேல் ஓடு மாட்டிக்கொண்டிருக்கிற மனிதரால் போனை எடுக்க முடிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேல் பயம். 2018-இல், பிள்ளையைக் கேட்டு வந்த ஸ்பான்சர்களின் கைரேகை விவரங்களைக் குடியேற்ற அமலாக்கத் துறைக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டு, சிலரைக் கைதும் செய்தார்கள். 2021-இல் அது ரத்தானது. ரத்தானதை யார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள்? தெரியாத நம்பரா, எடுக்காதே. அந்த வீடுகளில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 பிப்ரவரியில், 8 மாநிலங்களில் 13 இறைச்சிக் கூடங்களில் 102 சிறார்கள் ராத்திரி ஷிப்டில் துப்புரவு வேலை செய்ததாகத் தொழிலாளர் துறை அறிவித்தது. எனக்குத் தெரிந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பலர் தலையிலும் ஏஜென்ட் கடன் இருந்தது. ஊரில் நிலத்தை அடகு வைத்து வட்டிக்கு வாங்கிய பணம். வேலைக்குப் போகாதே என்று சொல்வது எளிது. அங்கே பாட்டியின் நிலம் போய்விடுமே என்று அவன் கேட்டால் என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஹூஸ்டனின் கல்ஃப்டன் பகுதியில் ஓர் அபார்ட்மென்ட். ஒரே படுக்கையறை, மாமா, அத்தை, இரண்டு குழந்தைகள், இப்போது இந்தப் பையனும். என் ஸ்பானிஷில் கேள்வி கேட்டேன். பள்ளிக்குப் போகிறாயா, ஸி (ஆமாம்). சாப்பிடுகிறாயா, ஸி. கோர்ட் காகிதம் வந்ததா, ஸி. எல்லாவற்றையும் டிக் செய்துகொண்டு திரும்பினேன். அடுத்த முறை போனபோது பால்கனியில் நின்று பாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அது ஸ்பானிஷே இல்லை. குவாத்தமாலாவின் மேற்கு மலைகளில் பேசப்படும் மாம் என்ற மாயன் மொழி. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தொலைபேசி வழியாக மாம் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் குரலைக் கேட்டதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி: "கோர்ட்டுக்குப் போனால் திரும்பி வர விடுவார்களா?" பிறகு உள்ளே போய் ஷூ டப்பாவைக் கொண்டுவந்தான். நாலாக மடித்த காகிதம். விசாரணைக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அன்றைக்குப் போகாமல் இருந்தால், ஆள் இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு வரலாம். குடியேற்றக் கோர்ட்டில் அரசு செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை குழந்தைக்கும் கிடையாது. இலவச வக்கீலைத் தேடி அலைவதிலேயே என் பாதி நாள் போகும். பெற்றோரால் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு குடியேற்ற அந்தஸ்து உண்டு. விண்ணப்பிக்க இருபத்தொரு வயது வரை அவகாசம். ஆனால் அதற்கு முதலில் மாநிலக் குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும், டெக்சாஸில் அதைப் பதினெட்டு முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். பதினேழரை வயதில் வந்து இறங்குகிற பையனுக்கு ஒவ்வொரு வாரமும் பணம் மாதிரி.

நான் உட்கார்ந்து பேசியது பெரும்பாலும் பெரியவர்களோடுதான். கல்ஃப்டன் பையனின் அத்தைக்குக் குடியேற்றக் கோர்ட்டின் தானியங்கித் தொலைபேசி எண்ணைக் காட்டிக் கொடுத்தேன். பையனுடைய ஒன்பது இலக்கக் கேஸ் நம்பரை அழுத்தினால் அடுத்த விசாரணைத் தேதியைச் சொல்லும். அவர் அந்த எண்ணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். பள்ளியில் சேர்க்கப் போனபோது, கார்டியன் என்பதற்குக் கோர்ட் உத்தரவு எங்கே, கரண்ட் பில் ஏன் வேறு பெயரில் இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காகப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்ற 1982-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதே டெக்சாஸ் வழக்கில்தான் வந்தது. அதையும், ஷெல்டர் கொடுத்த போட்டோ ஒட்டிய ஒப்படைப்புச் சான்றையும் வைத்துக்கொண்டு மறுநாள் கூடவே போனேன். சேர்த்துக்கொண்டார்கள்.

சொந்த அம்மாவிடமே சேர்ந்தால் பிரச்சினை இருக்காது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஓர் அம்மா மகளுக்காகப் பூனைக்குட்டி போட்ட இளஞ்சிவப்புப் போர்வை வாங்கி வைத்திருந்தார். அவர் விட்டுவிட்டு வந்தபோது மகளுக்கு நாலு வயது. இறங்கி வந்தவளுக்குப் பதினான்கு. அவள் பாட்டியைத்தான் 'மமா' என்று கூப்பிட்டாள், பெற்றவளைப் பெயர் சொல்லி. என் அப்பா சவூதியில் இருந்தார். எனக்கு ஆறு வயதில் அவர் பெட்டியோடு வந்து நின்றபோது பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதனால் அந்தப் பெண்ணைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியத்தான் நாள் பிடித்தது. "உனக்காகத்தானே வந்தேன்" என்று அவரும், "நான் கேட்டேனா" என்று இவளும். மூன்று மாதம் வாரா வாரம் போனேன். ஒருநாள் அந்தப் போர்வையை அவரே மடித்து எடுத்து வைத்துவிட்டு, உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார்.

இந்த உதவி எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. என் கையில் இருந்த குடும்பங்களில் முதல் மாதத்திலேயே யாராவது நேரில் போய் உட்கார்ந்த வீடு அடுத்த முறை போனை எடுத்தது. கல்ஃப்டன் பையனுடைய கேஸை எங்கள் பக்கம் மூடி இரண்டு மாதம் இருக்கும், அவன் மாமா கூப்பிட்டார். வாடகை கட்டுப்படியாகாமல் பக்கத்து ஊரான பாசடீனாவுக்கு வீடு மாறிவிட்டார்களாம். "ஐந்து நாளுக்குள் கோர்ட்டுக்கு முகவரி மாற்றம் அனுப்பணும் என்று சொன்னீர்களே, மூன்றாம் நாளே அனுப்பிவிட்டேன். சரிதானே?"