சந்திரமதிக்கு வந்த கண்ணீர்

கேள்வி: போன மாதம் எங்கள் கோயில் திருவிழாவில் அரிச்சந்திர மயான காண்டம் நாடகம் பார்த்து விம்மி விம்மி அழுதேன். அதற்கு ஒரு கிழமை முன்னர் எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "பொய்க்கு அழுகிறாய், மெய்க்கு அழமாட்டாய்" என்று இவர் சொல்லிவிட்டார். என் மனம் கல்லா?
— வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, செத்தவீட்டில் நீங்கள் என்ன செய்துகொண்டு நின்றீர்கள்? தேத்தண்ணி ஊற்றியிருப்பீர்கள், வந்தவர்களுக்குக் கதிரை போட்டிருப்பீர்கள், அந்த வீட்டுச் சின்னதுகளைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு தீத்தியிருப்பீர்கள். கை ஓயாமல் வேலை. கோயில் வீதி மணலில் இருந்தபோது சந்திரமதிக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. பார்ப்பது மட்டும்தான்.

இதை 1,600 வருடங்களுக்கு முன்னரே கிறிஸ்தவ ஞானி புனித அகுஸ்தீனார் கவனித்திருக்கிறார். இளம் வயதில் கார்த்தேஜ் நகர நாடகங்களில் மயங்கிக் கிடந்தவர் அவர். நாடகம் பார்ப்பவனை உதவிக்கு யாரும் கூப்பிடுவதில்லை, துக்கப்படத்தான் கூப்பிடுகிறார்கள், இது என்ன இரக்கம் என்று பிறகு தம்மையே கடிந்து எழுதினார். அவர் கண்டது சரி. அதைக் குற்றம் என்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஓடி உதவ வேண்டாத இடத்தில்தான் மனிதன் ஒரு துயரத்தை முழுதாகப் பார்க்கிறான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகச் சுடலை காத்து நிற்கிறார். பாம்பு கடித்து இறந்த மகனைச் சந்திரமதி சுமந்து வருகிறாள். சுடலை காப்பவன் கூலி கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். அந்தத் தாலி கட்டினவன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும்!

பக்கத்தில் அம்மம்மா, சுண்ணாம்பு தடவின வெற்றிலையை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். கன்னம் முழுக்க ஈரம். கடைசியில் பிள்ளை எழும்பிவிடுவான் என்று அவருக்குத் தெரியாதா? எத்தனை திருவிழாவில் பார்த்தவர்! அவர் அழுதது சாவுக்கு அல்ல. பெற்றவனே பிள்ளையை எரிக்கக் கூலி கேட்டு நிற்கும்படி ஆகிவிட்டதே, அதற்கு. இதில் பொய் எங்கே இருக்கிறது?

சொந்தத் துக்கம்தான் நாடகத்தைச் சாட்டி வெளியே வருகிறது என்பார்கள். சிலருக்கு அப்படி இருக்கலாம். ஒன்பது வயதில் எதையும் இழக்காத நானும் அன்று அழுதேனே. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர், தன் அவலத்துக்கு அழுவதையும் பிறர் அவலம் கண்டு அழுவதையும் வேறு வேறாகப் பிரித்து, ஒன்றை அவலம் என்றும் மற்றதைக் கருணை என்றும் சொல்லலாம் என்கிறார். உங்களுக்கு வந்தது கருணை. அதை உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. அந்த வீட்டு முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, இனித்தான் வரும் என்று நினைக்கிறேன். போனால் குசினிப் பக்கம் போகாதீர்கள். அந்த வீட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.