பென்சிலில் தெருச்சுவர் ஓவியம்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்ப்ரே வண்ணம் சுவரில் பட்டதும் வரும் புகைபோன்ற விளிம்பைப் பென்சிலில் கொண்டுவர முடியுமா? நான் தேய்த்தால் அழுக்காகத்தான் தெரிகிறது.

பதில்: முடியும். விரலால் தேய்த்தீர்கள் என்றால் அழுக்காகத்தான் தெரியும். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறி, ரப்பருக்கும் அசையாத திட்டுகளை உண்டாக்கிவிடும். 4பி பென்சிலின் முனையை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியெடுத்து, அதைப் பஞ்சால் தொட்டு, நடுவில் அடர்த்தியாகவும் வெளியே போகப்போக இலேசாகவும் ஒற்றுங்கள். கூர்மையான விளிம்பு வேண்டிய பக்கத்தில் வெட்டிய தாள் ஒன்றை அழுத்திப் பிடித்து, அதன் ஓரத்தின்மேல் பொடியை ஒற்றிய பிறகு, தாளை இழுக்காமல் நேராக மேலே தூக்கிவிடுங்கள். ஒரே உருவம் ஒரு பக்கம் கத்தியால் அரிந்ததுபோலவும் மறுபக்கம் புகைந்தும் இருக்கும்போதுதான், கண் அதைத் தெளித்த வண்ணம் என்று நம்புகிறது.

கேள்வி: வண்ணம் வழிவதை வரைந்தால் கம்பி தொங்குவதுபோல் இருக்கிறதே?

பதில்: மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் இழுத்திருப்பீர்கள். வழியும் வண்ணம் தொடங்குமிடத்தில் சற்று அகன்று, நடுவில் மெலிந்து, நுனியில் துளியாகத் திரண்டு நிற்கும். அந்தத் துளியில் ஊசிமுனையளவு வெள்ளையை விட்டுவைத்தால் ஈரம் தெரியும். மூன்று வழிசல் போதும். பத்து வரைந்தால் மெழுகுவத்தி ஆகிவிடும்.

கேள்வி: எவ்வளவு அழுத்தினாலும் கறுப்பு பளபளக்கிறது. ஏன்?

பதில்: பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டின் தட்டையான துகள்கள், அழுத்த அழுத்த ஒரே தளமாகப் படிந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. முழுக்கறுப்புக்குக் கரிப்பென்சிலை எடுங்கள். கிராஃபைட் படிந்த இடத்தில் கரி சரியாகப் பிடிக்காது என்பதால், அதற்கான இடத்தை முதலிலேயே வெறுமையாக ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: நிறமே இல்லாமல் தெருவோவியத்தின் வேகம் வருமா?

பதில்: அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1980களின் முற்பகுதியில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், காலி விளம்பரப் பலகைகளில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளின்மேல் வெள்ளைச் சாக்பீஸால் மட்டுமே வரைந்தார். காவலர் வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்ததால், திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. நீங்களும் ரப்பரை எட்டாத தூரத்தில் வைத்து, ஐந்தே நிமிடத்தில், மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கோடு இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: என்னை வெளிப்படுத்த எண்ணி மண்டையோடு, சங்கிலி, சிறகு எல்லாம் வரைந்தேன். யாரோ வரைந்ததுபோல் இருக்கிறது.

பதில்: அவை எல்லோரும் வரைவதுதான். கிராஃபிட்டி என்னும் இந்தத் தெருச்சுவர்க் கலை, பெயரை எழுதுவதில் தொடங்கியது. அதில் ஈடுபட்டவர்கள் தங்களை ‘ரைட்டர்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். நீங்களும் உங்கள் பெயரின் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் சுழியை வீங்கவிட்டும், கொம்பை முறித்தும், காலை வழியவிட்டும் இருபது முறை எழுதுங்கள். கை தானாகத் திரும்பத் திரும்பப் போகும் வளைவு ஒன்று அதில் அகப்படும்; படத்தை அதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: செங்கல் சுவரைப் பின்னணியாக வைக்க எளிய வழி உண்டா?

பதில்: மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் செங்கல் இடுக்குகளை முதலில் அழுத்திக் கீறிவிட்டு, மேலே 2பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், பள்ளங்கள் வெள்ளைக் கோடுகளாக நின்றுவிடும். சுவர் முழுவதும் வேண்டாம், ஓரங்களில் ஏழெட்டுக் கல் போதும்.