கேபிள் வராத ஊரில் இணையம்

கேள்வி: எங்கள் கிராமத்துக்குக் கேபிள் இணையம் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை, தினமும் வீடியோ கால் உண்டு. வேறு எதைப் போடலாம்? சாட்டிலைட் சரிப்படுமா?

பதில்: சாட்டிலைட்டுக்குப் போகுமுன் கைபேசியில் சிக்னல் அளவைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் மைனஸ் எண்ணாகக் காட்டும். 4ஜி என்றால் -90 பக்கம் இருந்தால் நல்லது, -110-க்கும் கீழே போனால் வீட்டுக்குள் திண்டாட்டம்தான். அப்போதும் உடனே கைவிட வேண்டாம், சிம் போடும் ரவுட்டர் வாங்கி, ஆன்டெனாவை மொட்டைமாடியில் டவர் இருக்கும் திசை பார்த்துப் பொருத்தினால் பல வீடுகளில் வேலை நடந்துவிடும். இணைய நிறுவனம் தன் கோபுரத்திலிருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு நேரடியாகத் தரும் வயர்லெஸ் இணைப்பும் நல்லதே, ஆனால் நடுவில் மரம் மறைக்கக் கூடாது. இன்று குட்டையாக நிற்கும் மரம் நாளைக்கு வளரும், அதையும் யோசியுங்கள்.

சாட்டிலைட்டில் இரண்டு வகை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது என்றால் சிக்னல் போய்த் திரும்பவே அரை விநாடிக்கு மேல் ஆகும், வீடியோ காலில் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஸ்டார்லிங்க் போல 550 கிலோமீட்டர் அளவில் சுற்றுவதில் அந்தத் தொல்லை இல்லை, செலவுதான் கூடுதல். அப்புறம், எதை எடுத்தாலும் மாத டேட்டா வரம்பு முடிந்தபின் வேகம் எவ்வளவு குறையும் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.