பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர்: வாசகர் கேள்வி - பதில்

என் மகள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாள் பரம்பரைப் பருத்தி விவசாயக் குடும்பம். 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் தன் முப்பாட்டன் பெயரைக் காட்டினாராம். அவர் குடும்பமும் இன்னொரு குடும்பமும் நாலு தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததையும் அதை வைத்தே கண்டுபிடித்தாராம். நம் ஊர் 1931 கணக்கெடுப்பில் என் தாத்தா பெயரைப் பார்க்க முடியுமா?
(வாசகி, குடியாத்தம்)

முடியாது அம்மா. நம் நாட்டில் வீடு வீடாக எழுதிய தாள்களை வெளியார் பார்க்க 1948-ம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு இடம் தரவில்லை, அதற்கு முந்தைய காலத்திலிருந்தும் நமக்குக் கிடைப்பது ஊருக்கு இத்தனை வீடு, இத்தனை பேர் என்ற மொத்தக் கணக்குதான். அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள், 1950 தாள்கள் 2022 ஏப்ரலில் வந்தன.

ஆனால் அங்கேயும் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தொடங்கியதே 1850-ல்தான், அதுவும் அடிமைகளாக இருந்தவர்களை விட்டுவிட்டு. அவர்களைத் தனிப் பட்டியலில், உடைமைக்காரன் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் குறித்தார்கள். அதே ஜார்ஜியாவில் அதே பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பினக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் 1870 கணக்கெடுப்புதான் முதல் பெயர்ப் பட்டியல். இதை நினைத்தாலே மனசு கனக்கிறது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதியது 1880-ல் இருந்துதான். 1890 தாள்கள் 1921-ல் நடந்த தீ விபத்தோடு ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. அதனால் அந்த அம்மாள் குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் எழுதி வைத்த பிறப்பு, கல்யாணக் குறிப்புகள், கோர்ட்டில் இருக்கும் கல்யாணப் பதிவு, உயில் என்று பலதையும் புரட்டித்தான் இதைக் கண்டுபிடித்திருப்பார்.

அவர்கள் செய்யும் ஒரு வேலை நமக்கும் பயன்படும். கணக்கெடுக்க வந்தவர் வீடு வீடாக நடந்து எழுதியதால் தாளில் அடுத்தடுத்த வரியில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தார், ஒருவனின் மாமனார் வீடு பல சமயம் நாலு வரி தள்ளியே இருக்கும். நமக்கு அந்தத் தாள் இல்லை, ஆனால் நிலப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு எல்லை விவரம் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

எங்களிடம் 1938-ல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டும் இருக்கிறது. இதை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?
(வாசகர், அணைக்கட்டு)

நிறைய, ஐயா. முதலில் செக்குபந்தியைப் படியுங்கள். "இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு" என்று நாலு பக்கமும் பெயர் வரும். ஒரே நிலத்தைத் துண்டு போட்டுப் பிரித்துக்கொண்டவர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருப்பார்கள், அதனால் அந்த நாலு பேரில் ஒருவராவது பங்காளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கிணறு. நம் பக்கம் பொதுக் கிணறு இல்லாத விவசாயக் குடும்பம் குறைவு, மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் முறை வைத்து இறைத்தார்கள், அந்த முறை பத்திரத்திலும் ஏறியிருக்கும். உங்கள் பத்திரத்தில் "கிணற்றில் 12-ல் 1 பாகம்" என்றும், அதற்கு முந்தைய பத்திரம் ஒன்றில் "3-ல் 1 பாகம்" என்றும் இருந்தால் முந்தைய தலைமுறையில் மூன்று பேர், அதில் ஒருவருக்கு நாலு பிள்ளைகள் என்று கணக்குப் போடலாம். பாகத்தை விற்றிருக்கலாம், பிள்ளை இல்லாத சித்தப்பா பாகம் அண்ணன் பிள்ளைகளுக்கு வந்திருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்குமே நினைவில்லாத ஒரு பெரியப்பா இருந்தார் என்பதே கிணற்றுப் பாகம் கணக்கில் இடித்ததால்தான் எனக்குத் தெரிந்தது.

அதே பத்திரத்தில் பெண்களையும் தேடுங்கள். விதவைத் தாயாருக்கு ஜீவனாம்சம், தங்கை கல்யாணத்துக்கு ஒதுக்கிய தொகை என்று ஏதாவது ஒரு வரியில் பெயர் வரும். பழைய பத்திரங்களில் அதைத் தவிரப் பெண் பெயர் அநேகமாக இருக்காது. நம் மாநிலத்தில் 1989-ல் பெண்களுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள், அதில் "இன்ன ஊர் இன்னார் மனைவி" என்று கட்டிக்கொடுத்த ஊரோடு பெயர் இருக்கும். அவர்கள் பங்கை விட்டுக்கொடுத்த கதை வேறு, ஆனால் எந்த ஊரில் சம்பந்தம் என்று தேடுகிறவருக்கு அந்தக் காகிதம் ரொம்ப முக்கியம்.

சர்வே எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடுங்கள், கணினியில் வராத பழைய வருஷங்களுக்கு மனு கொடுத்தால் கையால் தேடித் தருவார்கள். தாலுகா ஆபீஸில் சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய 'அ' பதிவேடும், நிலத்துக்கு வரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேடும் கேளுங்கள். பசலி (வருவாய்க் கணக்கு வருஷம்) என்று போட்டிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள், பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் கவனமாக இருங்கள், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம்.

என் அம்மாவின் தம்பிதான் என் அக்காவைக் கட்டியிருக்கிறார். அத்தை வீட்டிலும் அப்படியே. வம்சாவளி வரைந்தால் கோடுகள் சிக்கிக்கொள்கின்றன, ஒரே பெயர் வேறு நாலு இடத்தில் வருகிறது.
(வாசகி, ஆற்காடு)

சிக்கத்தான் செய்யும், அதற்காக ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள், மாமாவுக்கு 14 என்றால் அவர் தம்பியாக வரும் இடத்திலும் மருமகனாக வரும் இடத்திலும் 14-தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் பெயரை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது. மனைவி பெயரையும் அவர் பிறந்த ஊரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் பரணில் கிடக்கும் மொய் நோட்டை எடுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும், தாய்மாமன் சீர் தனியாகத் தெரியும். இரண்டு கல்யாணத்து நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ஊர்க்காரர்கள் இரண்டிலும் வருகிறார்கள் என்பது புரியும், அதுதான் நீங்கள் கொண்டும் கொடுத்தும் வந்த ஊர். பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதற்கு அப்புறம். இதைவிட அவசரம், வீட்டில் இருக்கிற ஆயாவிடம் உட்கார்ந்து கேட்பது. ஆண்கள் பங்காளி வரிசையைச் சொல்வார்கள், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள் என்று பெண்களுக்குத்தான் தெரியும். என் ஆயாவிடம் நான் கேட்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

பழைய காகிதங்களில் 'வட ஆற்காடு ஜில்லா' என்று இருக்கிறது. இப்போது எந்த ஊரில் போய்க் கேட்பது?
(வாசகர், திருப்பத்தூர்)

1911 வரை ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர், உங்கள் திருப்பத்தூர் தாலுகா அதுவரை சேலம் ஜில்லாவில் இருந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, மீதியிருந்த வேலூரே 2019-ல் மூன்றானது. அதனால் உங்கள் குடும்பத்துக்கு 1911-க்கு முந்தைய காகிதம் என்றால் சேலம் ஜில்லா என்று தேடுங்கள். இனாம் நிலமாக, அதாவது வரி தள்ளியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த நிலமாக இருந்தால் 1860-களில் எழுதிய இனாம் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.

கொள்ளுத்தாத்தாவின் தம்பி 'நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப் போனான்' என்று ஆயா சொல்வார். தேட வழி உண்டா?
(வாசகர், போளூர்)

உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் போனவர்களைக் கப்பல் வாரியாகப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை அதில் இருக்கும், வட ஆற்காட்டுக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயர் உருமாறியிருக்கும், போளூரையே நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள். ஆயா சொல்லும் ஆள் பெயரை விட அவர் அப்பா பெயரும் கிராமமும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.